பத்தில் ஏழு

வருடம் இரண்டாயிரத்துப் பதினெட்டா பத்தொன்பதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல வரவில்லை. மாதத்தையும் மாற்றிச் சொல்லக்கூடும். தாராவியில் கரீம் பாட்சாவின் ஜீன்ஸ் சலவைப் பட்டறையில் வீணான நீராவி, அங்கே வேலை போன ஏழு பேரின் வீடுகளுக்கும் காலை ஒன்பது மணிக்கு வந்து மாலை ஆறு வரை வேலை செய்தது என்பதில் மட்டும் எனக்குக் குழப்பமில்லை.

பட்டறை பாய்லர் அளவுக்கு மீறி விறகு தின்றது. அணுசக்தி ஆராய்ச்சி மையத்தில் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாட்டுங்கா சுப்ரமணியன், பாட்சா கேட்டுக்கொண்டதற்காக வந்து இரண்டு நாள் அளந்தார். மூடாத குழாய் வழியே சூடு ஓடியது. கொதிக்கும் ஆவியைப் பச்சைத் தண்ணீரில் நேராக விட்டார்கள். பாட்சாவுக்குப் புரியட்டும் என்று தமிழில் சீட்டு எழுதினார்: ‘கிடைக்கக்கூடிய வேலை பத்து. நடப்பது மூன்று. ஏழு வேலை வீண்.’ பட்டறையில் அப்போது பத்துப் பேர் இருந்தார்கள்.

மறுவாரம் சுப்ரமணியன் வந்தபோது மூன்று பேர் இருந்தார்கள்.

“சீட்டுல போட்ட மாதிரியே செஞ்சிட்டேன் சார். இத்தன வருசம் ஏமாந்திருக்கேன் பாருங்க,” என்று பாட்சா டீ வரவழைத்தார். சுப்ரமணியன் மாட்டுங்கா தமிழ்ச் சங்க மலருக்கு இருபது ஆண்டு பிழை திருத்தியவர். பிழை ‘வேலை’ என்ற சொல்லில் என்று உடனே தெரிந்துவிட்டது. டீயைக் குடித்தார். நன்றாயிருக்கிறது என்றார். பஸ் ஏறிப் போய்விட்டார்.

இழந்த வேலை திரும்பாது என்பது அவர் படித்த வெப்பவியல் பாடம். அது எங்கே போகும் என்று பாடத்தில் இல்லை. இஸ்திரிப் பிரிவிலிருந்து வேலை போன பேராச்சி வீட்டில் ஆவி அவளுடைய நான்கு சேலைகளையும் தேய்த்தது. பிறகு தலையணை உறையை, ரேஷன் கார்டை. தேய்க்க ஒன்றும் மிஞ்சாதபோது சுவரோரமாய் நின்றது. சம்பளம் மட்டும் வரவில்லை. அரிசி பாதியானது.

மூன்று மாதம் கழித்து இந்தச் செய்தி மாட்டுங்காவுக்கு எட்டியது. சுப்ரமணியன் அவள் வாசலில் வந்து நின்றார்.

“நான் எழுதினது ஆவியைப் பத்திம்மா. ஆளைப் பத்தி இல்ல.”

“அன்னைக்கே சொல்லுததுக்கு என்ன சார்? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்திய?”

“டீ குடிச்சிண்டிருந்தேன்.”

ஆவி அவர் சட்டைக் காலரைத் தேய்க்கத் தொடங்கியது. அவர் விலகவில்லை.

“பட்டறைக்கு வந்து சொல்லுங்க. ஏழு பேரு முன்னாலயும்.”

சொன்னார். பாட்சா சீட்டை எடுத்து மறுபடி படித்தார். யாரும் திட்டவில்லை, அதுதான் சுப்ரமணியனுக்குத் தாங்கவில்லை.

நான்கு பேரைப் பாட்சா திரும்ப எடுத்துக்கொண்டார். இரண்டு பேர் அதற்குள் காட்கோபரில் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். பேராச்சி போகவில்லை, தெருக்காரர்களின் துணிகளை வாங்கி வீட்டிலேயே தேய்த்துக் கொடுக்கிறாள், கரி செலவில்லை. சுப்ரமணியன் செம்பூரில் மகளோடு இருக்கிறார். சங்க மலரை இப்போது வேறொருவர் திருத்துகிறார்.