ஆயலா திருப்பாத பக்கம்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மகளின் பள்ளியில் எடுத்த நாலு நிமிட வீடியோவிலிருந்து வந்தது.

எங்கள் யூதப் பள்ளியில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிரார்த்தனைப் புத்தகம் கொடுத்து விழா எடுப்பார்கள். அட்டையைப் பெற்றோர் அலங்கரித்துத் தர வேண்டும். பிள்ளைகள் காகிதக் கிரீடத்தோடு மேடையேறி, புத்தகத்தைத் திறந்து, காலைப் பிரார்த்தனையை எபிரேயத்தில் பார்த்துப் பாடுவார்கள். கீழே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் மூக்கைச் சிந்துவார்கள். நானும் சிந்தினேன்.

ஆயலாவுக்கு ஏழு வயது. வரிசையின் நடுவில் நின்றாள். ஒரு சொல் பிசகவில்லை. மற்ற பிள்ளைகள் தடுமாறிய இடங்களில் அவள் குரல்தான் எல்லாரையும் இழுத்துக்கொண்டு போனது. வீட்டுக்கு வந்து வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நான் துணியில் வெட்டி ஒட்டிய மாதுளம்பழம் அட்டையில் எடுப்பாகத் தெரிகிறதா என்று. (தற்பெருமைதான். மறைத்து என்ன ஆகப்போகிறது.) அப்போதுதான் கவனித்தேன். பாட்டு முடிவதற்குள் மற்ற பிள்ளைகள் இரண்டு முறை பக்கம் திருப்பினார்கள். ஆயலா ஒருமுறைகூடத் திருப்பவில்லை.

அவளை சோபாவில் உட்காரவைத்து, அதே புத்தகத்தில் ஒரு வரியின் நடுவே விரல் வைத்தேன்.

"இது என்ன வார்த்தை?"

அவள் பிரார்த்தனையின் முதல் சொல்லிலிருந்து மூச்சுவிடாமல் தொடங்கினாள்.

"முதல்லேந்து வேண்டாம். இது மட்டும்."

"முதல்லேந்து வந்தாத்தானேம்மா அது என்னன்னு தெரியும்" என்றாள், நான்தான் மக்கு என்பதுபோல.

பிறகு ஆங்கிலக் கதைப் புத்தகத்தை எடுத்தேன். அதிலும் இதே கதைதான்.

2.

இதற்கு முன் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"ஏரிப் பக்கமிருந்து குளிர்காற்று வீசிய ஒரு காலையில், எங்கள் ஊரான ஸ்கோக்கியின்..."

வேண்டாம். காற்று யாருக்கு வேண்டும்.

"எஸ்ரா குறும்புக்காரன். வகுப்பில் ஓரிடத்தில் உட்காராத அவனுக்கு..."

இதைப் பதினோரு பக்கம் எழுதினேன். ஆயலாவை மறைப்பதற்காக அவளைப் பையனாக்கிப் பார்த்தேன். கதை நகரவில்லை. பையனுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் மேசையைத் தள்ளுவான், பென்சிலை எறிவான், இரண்டே வாரத்தில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். சமர்த்தாக உட்கார்ந்து உதட்டை அசைக்கும் பெண் பிள்ளையை யாரும் கண்டுபிடிப்பதில்லை. எஸ்ராவைக் கிழித்துப் போட்டேன். என் மகளை இப்படி உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தியிருப்பதில் எனக்குச் சங்கடம் இருக்கிறது. ஆனால் கதை அவளுடையது.

* பள்ளிக் கட்டணத்தைப் பற்றி இதில் ஒரு வரியும் வராது. எங்கள் ஊரில் யூதப் பள்ளியா அரசுப் பள்ளியா என்ற பேச்சு அங்கே தொடங்கி அங்கேயே முடியும். அதை நீங்கள் எந்த விருந்திலும் கேட்டுக்கொள்ளலாம்.

3.

என் கணவன் கெர்ஷோன் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பவன். விஷயத்தைச் சொன்னதும் ஆயலாவைத் தன் கடைக்கு அழைத்துப்போய் எழுத்து அட்டை முன் உட்காரவைத்தான். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று நிம்மதியாக வந்தான்.

"அந்த அட்டையை அவ பொறந்ததுலேந்து பாக்கறா. அதையும் மனப்பாடமாத்தான் சொல்லியிருப்பா" என்றேன்.

அவன் கடைக்கே திரும்பிப் போய்விட்டான்.

அவன் அதே யூதப் பள்ளியில் படித்தவன். நான் அரசுப் பள்ளி. இதைச் சொல்லாமல் அடுத்த சண்டை உங்களுக்குப் புரியாது. வியாழக்கிழமை சாயங்காலம், மறுநாள் ஓய்வுநாள் விருந்துக்கு அவன் ஹல்லா ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தான். அரசுப் பள்ளியில், எழுத்தில் தடுமாறும் பிள்ளைகளுக்கென்றே படித்த ஆசிரியை ஒருவர் தினமும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கிறார், அங்கே சேரும் பிள்ளைகளுக்கு மட்டும், என்று விசாரித்து வந்ததைச் சொன்னேன்.

"அவ அங்க யாரு? படிக்கத் தெரியாத பொண்ணு. இங்க யாரு? ஆயலா. கேட்டுலேந்து கிச்சன் வரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்ச ஆயலா."

"எல்லாருக்கும் தெரியும். அவளுக்குப் படிக்கத் தெரியாதுங்கறது மட்டும் யாருக்கும் தெரியாது."

"எபிரேயம் என்ன ஆகும்?"

"ஞாயித்துக்கிழமை கிளாஸ் இருக்கே."

மாவிலிருந்து கையை எடுத்தான். "ஞாயித்துக்கிழமை கிளாஸ்ல படிச்சவதானே நீ? இன்னிக்கும் ஜெப ஆலயத்துல எந்தப் பக்கம்னு தெரியாம பக்கத்து சீட்டை எட்டிப் பாக்கற. அவங்க திருப்பினா நீயும் திருப்பற."

(இதைப் படித்துவிட்டுக் கெர்ஷோன், "நான் இப்படிச் சொல்லலை" என்றான். சொன்னான்.)

எனக்குச் சுருக்கென்றது. உண்மை என்பதால் இன்னும் வலித்தது. பன்னிரண்டு வருடம் பள்ளிச் சாப்பாட்டு மேசையில், பாஸ்கா பண்டிகை வாரத்தில் புளிக்காத மட்சா ரொட்டியைப் பிட்டுத் தின்றுகொண்டு, ஏன் இந்தக் காய்ந்த தட்டை என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னவள் நான். விளக்கம் சொல்ல நன்றாக வரும். பிரார்த்தனை செய்ய வராது. என் மகள் என்னைப்போல் ஆகக் கூடாது என்றுதான் அவளை யூதப் பள்ளியில் சேர்த்தேன்.

4.

அரசுப் பள்ளிக்கு ஆயலாவையும் அழைத்துப்போனோம். அந்த ஆசிரியையின் பெயர் திருமதி டெல்காடோ. உயரமானவர், கழுத்தில் சாவிக்கொத்து. ஒரு படக்கதைப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

ஆயலா படித்தாள். நாய் குளத்தில் விழுந்தது, வாத்துகளுக்குக் கோபம் வந்தது, நாய் மன்னிப்புக் கேட்டது. குரலை ஏற்றி இறக்கி, வாத்துக்கு ஒரு குரல், நாய்க்கு ஒரு குரல். கெர்ஷோன் என்னைப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோல் புருவத்தைத் தூக்கினான். புத்தகத்தில் வாத்துகள் கோபப்படவே இல்லை. நாய் மன்னிப்பும் கேட்கவில்லை. நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, புத்தகத்தைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

திருமதி டெல்காடோ அடுத்த பக்கத்துப் படத்தைத் தன் உள்ளங்கையால் மூடினார்.

"இப்ப சொல்லு கண்ணு."

ஆயலா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரொம்ப மரியாதையாக, "கையை எடுங்க மிஸ். படிக்கறதுக்கு மறைக்குது" என்றாள்.

கெர்ஷோனின் புருவம் இறங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

குழந்தையை விளையாட அனுப்பிவிட்டு அவர் எங்களிடம் சொன்னார்: "ரொம்பக் கெட்டிக்காரி. படிக்கத் தெரியாம இத்தனை நாள் ஓட்டறதுக்குப் படிக்கறதைவிட ரெண்டு மடங்கு மூளை வேணும். இப்ப ஏழு வயசு. இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே போச்சுன்னா, அந்த மூளை முழுக்க ஒளிஞ்சுக்கறதுக்கே செலவாயிடும். வர்ற வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஒரு இடம் வெச்சிருக்கேன்."

யூதப் பள்ளியில் அடுத்த வருடத்துக்குப் பெயர் கொடுக்கவும் அதே வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். கதைக்காக நான் ஜோடித்தது என்று நினைப்பீர்கள். இல்லை.

5.

இனி வருபவரை எனக்கு எழுதத் தெரியவில்லை.

ஆயலாவின் வகுப்பாசிரியை பிராஹா. பிள்ளைகள் மோரா பிராஹா என்பார்கள்; மோரா என்றால் டீச்சர். முதல் படியில் அவரை வில்லியாக எழுதினேன். மெல்லிய உதடு, கறாரான கொண்டை. நேரில் அவர் குண்டாக, சிரித்த முகமாக, சட்டைப்பையில் எப்போதும் மிட்டாயோடு இருப்பவர். இரண்டாம் படியில் தேவதையாக எழுதினேன். அதுவும் பொய். நடந்ததை மட்டும் வைக்கிறேன்.

திங்கட்கிழமை, பிள்ளைகள் எல்லாரும் போனபிறகு வகுப்பறைக்குப் போனேன். வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அவர் முழுதாகப் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்பலேந்து?"

"ஹனுக்கா பண்டிகை சமயத்துலேந்து."

"அஞ்சு மாசமா! ஏன் சொல்லலை?"

"சொன்னா கூட்டிண்டு போயிடுவீங்க." மிட்டாய்த் தாள் ஒன்றை நாலாக மடித்தார். "இங்க வாரத்துக்கு ரெண்டு அரை மணி நேரம் தனியா ஒக்கார வெச்சுச் சொல்லிக்கொடுப்போம். அது பத்தாதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காலையில பிரார்த்தனைய அவதான் ஆரம்பிக்கறா. நான்கூட இல்லை. அவ ஆரம்பிச்சாத்தான் மத்த பசங்க வாயைத் தெறப்பாங்க. இருபது வருஷத்துல இப்படி ஒரு பிள்ளைய நான் பாத்ததில்லை. தப்புதான். நான் தப்புப் பண்ணிட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அறைந்திருப்பேன். அவர் அழ ஆரம்பித்தார். நானும் அழுதேன், அந்தக் கோபம் குறையாமலே. இந்தப் பெண் என் மகளை எவ்வளவு நேசிக்கிறாள் என்பதும், அந்த நேசத்தாலேயே அவளுக்குக் கெடுதல் செய்தாள் என்பதும் ஒன்றாக எனக்குப் புரிந்தது. எது பெரியது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இவரை எழுத வரவில்லை.

6.

நான் எழுதி வைத்திருக்கும் முடிவுகள்:

ஒன்று. ஆயலா யூதப் பள்ளியிலேயே இருக்கிறாள். ஊரார் சேர்ந்து தனியாக ஓர் ஆசிரியையை ஏற்பாடு செய்கிறார்கள். பன்னிரண்டு வயதில் எல்லார் முன்பும் தோரா வேதச் சுருளிலிருந்து பிசகாமல் வாசிக்கிறாள். எல்லாரும் மூக்கைச் சிந்துகிறார்கள். (அவள் பார்த்து வாசிக்கிறாளா, மனப்பாடமா என்று கடைசி வரியில் சொல்லாமல் விட்டிருந்தேன். மலிவான தந்திரம். அடித்துவிட்டேன்.)

இரண்டு. ஆயலா அரசுப் பள்ளிக்குப் போகிறாள். ஒரு வருடத்தில் படிக்கக் கற்றுக்கொள்கிறாள். காலைப் பிரார்த்தனை கொஞ்சம் கொஞ்சமாக மறந்து போகிறது. ஒருநாள் ஜெப ஆலயத்தில் அவள் என் பக்கம் எட்டிப் பார்க்கிறாள், நான் பக்கத்து சீட்டை... இதை முடிக்க என்னால் முடியவில்லை. கை ஓடவில்லை.

மூன்று. கெர்ஷோனின் யோசனை. "ரெண்டு ஸ்கூலும் தீப்பிடிச்சு எரிஞ்சு போகுதுன்னு எழுதேன்."

7.

புதன்கிழமை, அதாவது நேற்று, சாயங்காலம் நான் மேசை முன் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது ஆயலா சமையலறைக்கு வந்தாள். நாங்கள் அவள் காதில் விழாமல் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் காது எப்படிப்பட்டது என்று இந்நேரம் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அம்மா, அந்த மிஸ் ரூம்ல எத்தனை புத்தகம் இருக்கு?"

"தெரியலையே. ஒரு நூறு இருக்கும்."

கணக்குப் போட்டாள். முகம் கொஞ்சம் வாடியது, பிறகு தெளிந்தது.

"லைப்ரரில அதெல்லாம் கிடைக்குமா?"

"கிடைக்கும். எதுக்கு?"

"நீ எல்லாத்தையும் எனக்கு ஒரு ஒரு தடவை படிச்சுக் காட்டிடு. ஒரு தடவை போதும். அங்க போறதுக்குள்ள மனப்பாடம் பண்ணிடுவேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்வதற்காகச் சேர்த்துக்கொண்டாள்: "கவலைப்படாதம்மா. யாருக்கும் தெரியாது."

அவள் கையில் ஏற்கெனவே ஒரு புத்தகம் இருந்தது. என் ஈரக்கையைத் தன் சட்டையிலேயே துடைத்துவிட்டு, புத்தகத்தை என் மடியில் வைத்து, பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. இரண்டு விண்ணப்பங்களும் பிரிஜ் மேல் இருக்கின்றன, வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஒன்று போய்ச் சேரும். எது என்பதை நாங்கள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்கிறோம். உங்களிடம் விடுவது வேறொன்று. என் மகள் கேட்டாள், நான் முதல் வரியை வாசித்துக் காட்டினேனா, புத்தகத்தை மூடினேனா? நீங்களாக இருந்தால் எதைச் செய்வீர்களோ அதையே நான் செய்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, கேட்பதற்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள்.