மூன்றாவது படத்தின் நாற்பது விநாடி

மூன்றாவது படத்தைப் பற்றி யார் கேட்டாலும் இயக்குநரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "மூணாவதா? அதை எடுத்தப்ப நான் ஊர்லயே இல்லைங்க." கேட்டவர் சிரிப்பார், கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள், இயக்குநரும் சேர்ந்து சிரிப்பார். இருபத்தாறு வருஷமாக இதே பதில்தான். ஒரு விண்வெளிக் கப்பலையும் அதில் அலையும் ஆறு பேரையும் ஓர் இரும்பு ரோபோவையும் வைத்து அவர் எடுத்தவை நான்கு படங்கள். முதலாவது ஓடியது. இரண்டாவது ஓடு ஓடென்று ஓடியது. நான்காவதுக்கு விருதுகூடக் கிடைத்தது. மூன்றாவது மட்டும் இரண்டாம் வாரமே பெட்டியைக் கட்டிவிட்டது. பெற்றதில் ஒன்று உருப்படாமல் போனால் அதைப் பற்றி வாயே திறக்காத அப்பன்கள் உண்டு. ஊர் திட்டுவதற்கு முன்னால் தானே முந்திக்கொண்டு திட்டிவிடுகிற அப்பன்களும் உண்டு. நம்ம இயக்குநர் இரண்டாவது ரகம்.

இப்போது நான்கு படங்களையும் படக் கம்பெனி தூசி தட்டி, கீறல் நீக்கி, ஒரே பெட்டியில் டிஸ்க்குகளாகப் போட்டு வெளியிடப் போகிறது. ஒவ்வொன்றுக்கும் இயக்குநர் பேச வேண்டும். படம் சத்தமில்லாமல் திரையில் ஓடும். அவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டே, எப்படி எடுத்தோம் என்பதை மைக்கில் சொல்லிக்கொண்டு வர வேண்டும். வீட்டில் பார்க்கிறவர்கள் வேண்டுமானால் வசனத்துக்குப் பதில் இந்தப் பேச்சைப் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். நடுவில் நிறுத்தக் கூடாது என்பது ஒலிப்பதிவாளராக இருக்கிற அம்மாவின் கட்டளை. நிறுத்தி நிறுத்திப் பேசினால் மனுஷன் யோசிக்க ஆரம்பித்துவிடுவான், பொய் வந்துவிடும் என்பார் அந்த அம்மா. முதல் இரண்டு படங்களும் பேசி முடித்தாயிற்று. இன்று காலை மூன்றாவது.

இன்றைக்குத் தம்பியும் வருகிறான். அதுதான் வம்பு.

அந்த ரோபோவுக்குள் இருந்தது இயக்குநரின் தம்பி. முப்பது கிலோ தகரக் கவசம், கண்ணுக்கு நேரே ஒரு விரல்கடை இடுக்கு, தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சு குழாய். முதல் மூன்று படங்களுக்கு அதற்குள் வெந்தான்; நான்காவதில் வேறு ஆள். உடம்பெல்லாம் வேர்க்குரு, இடது முழங்கால் நிரந்தரமாகப் போயிற்று. படப்பிடிப்பில் அவனுக்குப் பெயரே டப்பா. "டப்பாவைத் தள்ளி நிக்கச் சொல்லு", "டப்பாவுக்குத் தண்ணி குடுத்தாச்சா" என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் அந்த ரோபோவை வரைந்தார்கள். உள்ளே இருந்தவனை ஒரு நாயும் சீண்டியதில்லை.

இரண்டாவது படத்தோடு அவன் விலகிக்கொள்ளப் பார்த்தான். இயக்குநர்தான் விடவில்லை. "மூணாவதுல கடைசிக் காட்சியில நீ தலையைக் கழட்டுறடா. இவ்வளவு நாளா இரும்புன்னு நினைச்சது மனுஷன்னு தெரியணும். கதையே அதுதான். உன் முகம் நாற்பது விநாடி, திரை முழுக்க" என்று ஆசை காட்டினார். சொன்னபடி எடுக்கவும் எடுத்தார். ஆனால் தியேட்டரில் அந்த நாற்பது விநாடி இல்லை. ரோபோ மணலில் நடந்து போகிறது, படம் முடிந்துவிடுகிறது. இதுக்குத்தானா இவ்வளவு நேரம் உட்கார வச்சே என்று ஜனங்கள் திட்டிக்கொண்டே எழுந்து போனார்கள்.

"கம்பெனிக்காரன் வெட்டிட்டான்டா. நான் எவ்வளவோ மல்லுக்கட்டிப் பார்த்தேன்" என்று தம்பியிடம் அப்போது சொன்னார். தம்பி நம்பினான். அண்ணன் சொன்னால் நம்புகிற பிறவி அது.

அவன் இப்போது பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். போன மாதம் போன் பண்ணியிருந்தான். "அண்ணா, புதுசா விடுறாங்களாமே. அன்னைக்கு வெட்டினவன்தான் செத்துப் போயிட்டானே. அந்தத் துண்டைச் சேர்க்கச் சொல்லேன். டிப்போவுல ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான். பேரனுக்கும் காட்டணும்." இயக்குநர் உடனே ஒத்துக்கொண்டார். கம்பெனியிடம் சொல்லித் தேடவும் வைத்தார். இதில் அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. எங்காவது ஒரு ஃபிலிம் பெட்டியில் கிடக்கும் என்றுதான் அவரும் நினைத்தார்.

காலையில் அவர் உள்ளே நுழைந்ததுமே ஒலிப்பதிவாளர் அம்மா ஒரு தாளை நீட்டினார்.

"லேப்ல இருந்து வந்திருக்கு சார். அந்தக் கடைசித் துண்டு பத்தி."

அது ஒரு பழைய படிவத்தின் நகல். படம் வெளியான பிறகு, வெட்டி ஒதுக்கின ஃபிலிம் துண்டுகளை வைத்திருக்கவா, அழித்துவிடவா என்று லேப் இயக்குநரைக் கேட்பது வழக்கம். இரண்டு கட்டங்கள் இருக்கும், ஒன்றில் குறி போட வேண்டும். 'அழித்துவிடலாம்' என்ற கட்டத்தில் குறி இருந்தது. கீழே அவர் கையெழுத்து. பக்கத்தில், அவர் கையாலேயே, 'உடனே' என்று ஒரு வார்த்தை.

அந்த மாதம் வந்த காகிதங்களில் எதையும் இயக்குநர் நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போடவில்லை. மூன்றாவது படம் சம்பந்தப்பட்டது எதுவானாலும் கண்முன்னால் இருக்கக் கூடாது என்ற வெறி அப்போது.

"மறந்தே போச்சும்மா" என்றார்.

"ஸ்கிரிப்டை நான் முழுக்கப் படிச்சேன் சார். அந்தத் துண்டு இருந்திருந்தா படம் நின்னிருக்கும். முடிவே இல்லாமப் போச்சுன்னுதானே எல்லாரும் திட்டினாங்க?"

"இப்ப அதைப் பத்திப் பேச வேணாம்."

"உங்க தம்பி வந்து அரை மணி நேரமாச்சு. கேட்டா என்ன சொல்றது?"

"நானே சொல்லிக்கிறேன்."

தம்பி உள்ளே வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, புதிதாகச் சவரம் செய்த முகம். காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து அண்ணனின் தோளைத் தொட்டான். "கிடைச்சுதாண்ணா?"

கிடைக்கலைடா, என் தப்பு. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கொட்டாவி விடுகிற நேரம் ஆகாது. ஆனால் நான்கு படம் எடுத்து, நாலாயிரம் பேரை அதட்டி வேலை வாங்கின மனுஷனுக்கு அந்த நேரத்தில் நாக்கு எழவில்லை. "முதல்ல பேசி முடிச்சிடறேன்டா. அப்புறம் சொல்றேன்" என்றார். "நிதானமாப் பேசுண்ணா, அவசரமில்லை" என்று தம்பி ஒலிப்பதிவாளருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. படம் ஓடத் தொடங்கியது.

முதல் அரை மணி நேரம் இயக்குநர் தன் வழக்கப்படி வெளுத்து வாங்கினார். கப்பல் எப்படித் தெர்மோகோலில் செய்தது, கதாநாயகனின் பல்வலி, வானத்துக்குப் பதில் கட்டின கறுப்புத் துணியில் ஓட்டை விழுந்து ஒரே விண்மீன் எல்லாக் காட்சியிலும் வந்தது என்று மூன்றாவது படத்தை உண்டு இல்லை என்று பண்ணினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். இவர் பார்வையைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஒரு விஷயம் அவர் எதிர்பார்க்காதது. இருபத்தாறு வருஷத்தில் இந்தப் படத்தை அவர் ஒரு தடவைகூடத் திரும்பப் பார்த்ததில்லை. வசனமும் இசையும் இல்லாமல் பார்க்கும்போது ரோபோ மட்டும்தான் கண்ணில் பட்டது. கப்பலில் வந்த நோயாளிக் கிழவர் சாகிற காட்சியில் மற்ற ஐந்து பேரும் கன்னாபின்னாவென்று அழுதார்கள். தகரத்துக்குள் இருந்தவன் தலையை மட்டும் கொஞ்சம் தாழ்த்தி, அப்படியே நிறுத்தினான். இவர் சொல்லிக் கொடுத்ததில்லை அது. சொல்லிக் கொடுக்க இவருக்குத் தெரியவும் தெரியாது. படம் முழுக்க நடித்திருந்தவன் ஒருவன்தான், அவனுக்குத்தான் முகம் இல்லை. பாவி, இதையா தலைமுழுகினேன் என்று அவருக்கு நெஞ்சு எரிந்தது. பேச்சு நின்றுபோயிற்று. பேசுங்க சார் என்று ஒலிப்பதிவாளர் அம்மா கையால் ஜாடை காட்டினார்.

அவர் ரோபோவையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சி வந்தது. மணல், ஒற்றை இரும்பு உருவம், நீண்டு விழும் நிழல்.

"இந்த இடத்துல ரோபோ நிக்கும்" என்று அவர் ஆரம்பித்தார். குரல் அவர் குரல் போலவே இல்லை. "நின்னு தலையைக் கழட்டும். உள்ள இருக்கிறது என் தம்பி. மேக்கப் போடாதேன்னு சொல்லிட்டேன். நெத்தி பூரா வேர்க்குரு, முடி ஒட்டிக்கிட்டு இருக்கும். அவன் அழல, சிரிக்கல, ஒண்ணுமே பண்ணல. நல்லா மூச்சு விட்டான், அவ்வளவுதான். ரொம்ப நாள் கழிச்சு வெளிக்காத்து பட்டவன் விடுவான் பாருங்க, அந்த மூச்சு. நாற்பது விநாடி. நான் எடுத்த நாலு படத்துலயும் அதுதான் உருப்படியான நாற்பது விநாடி. அதைக் கம்பெனி வெட்டலை. நான்தான் வெட்டினேன். அப்புறம் அழிக்கச் சொல்லி எழுதியும் கொடுத்தேன். இனிமே அது எங்கேயும் இல்லை."

திரையில் ரோபோ நிற்காமல் நடந்து போயிற்று. பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பித்தது.

தம்பி ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். எழுந்து, கண்ணாடி அறையின் கதவைத் திறந்து உள்ளே வந்தான். கோபமாக வருவான் என்று எதிர்பார்த்திருந்தார். அவன் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"ஏண்ணா வெட்டினே? நல்லாத்தானே இருந்துச்சுன்னு சொல்றே?"

இந்தக் கேள்வியைத்தான் அவர் இத்தனை வருஷமாகக் கம்பெனிக்காரனுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்.

"வெளியாகறதுக்கு நாலு நாள் முன்னாடி கொஞ்சம் பேருக்குப் போட்டுக் காட்டினோம்டா. கடைசி வரைக்கும் ஒழுங்காத்தான் பார்த்தாங்க. இரும்புக்குள்ள இருந்து என்னமோ பெரிசா வரப்போகுதுன்னு காத்துக்கிட்டு இருந்தாங்க போல. நீ தலையைக் கழட்டினதும்..."

"சிரிச்சாங்களா?"

இயக்குநர் மேஜையைப் பார்த்தார். "ஆமா."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

"நீ என்ன பண்ணினே?"

பொய் சொல்லியிருக்கலாம். நான் எழுந்து வெளியே போயிட்டேன் என்று சொல்லியிருந்தால் இதையும் அவன் நம்பியிருப்பான். ஆனால் அன்றைக்கு அரங்கமே குலுங்கினபோது, பக்கத்தில் இருந்தவர் திரும்பி இவர் மூஞ்சியைத்தான் பார்த்தார். இதை எடுத்த புண்ணியவான் என்ன செய்கிறான் என்று பார்க்கிற பார்வை. அந்தப் பார்வைக்கு இவர் பயந்துபோனார். அந்த ஒரு கணத்தில் படத்தோடு இருப்பதா, கூட்டத்தோடு இருப்பதா என்று முடிவு பண்ண வேண்டியிருந்தது, பண்ணிவிட்டார்.

"நானும் சிரிச்சேன்டா" என்றார்.

தம்பி தலையை மெதுவாக ஆட்டினான். பக்கத்தில் இருந்த முக்காலியில், நீட்ட முடிகிற அளவுக்குக் காலை நீட்டி உட்கார்ந்தான். "அந்தக் கம்பெனிக்காரனை எத்தனை வருஷம் திட்டியிருக்கேன் தெரியுமா? அவன் செத்தப்பகூட நல்லா வேணும்னு நினைச்சேன்" என்றான்.

ஒலிப்பதிவாளர் அம்மாவின் குரல் மேலே இருந்த ஒலிபெருக்கியில் வந்தது. "சார், பதிவு ஓடிக்கிட்டே இருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் பேசினது எல்லாம் இருக்கு. என்ன பண்ணட்டும்?"

"இருக்கட்டும்மா" என்றார் இயக்குநர். பேசி முடித்ததில் பெரிய பாரம் இறங்கியிருந்தது அவருக்கு. கண்கூடக் கலங்கியிருந்தது. "அப்படியே வைங்க. முகம்தான் இல்லை, உண்மையாவது எல்லாருக்கும் தெரியட்டும்."

"எந்த உண்மைண்ணா?" என்று கேட்டான் தம்பி. குரலை உயர்த்தவில்லை. "என் மூஞ்சியைப் பார்த்து ஒரு கொட்டகையே சிரிச்சுதுங்கறதா? வாங்குறவன் ஒவ்வொருத்தனும் வீட்டுல உட்கார்ந்து கேட்கணுமா அதை? டிப்போவுல இருக்கவன் கேட்கணுமா? பேரன் கேட்கணுமா? அப்ப நீ நல்ல பேர் வாங்கறதுக்கு என் மூஞ்சியை வெட்டினே. இப்ப நல்லவன்னு பேர் வாங்கறதுக்கும் என் மூஞ்சிதான் கிடைச்சுதா உனக்கு?"

தம்பி மைக்கைக் காட்டினான்.

"வெட்டச் சொல்லு."

"டேய், அப்புறம் அந்த நாற்பது விநாடி இருந்ததுக்கு ஒரு சாட்சிகூட இருக்காதுடா."

"வேணாம். வெட்டச் சொல்லுண்ணா."

இயக்குநர் கண்ணாடி வழியாக ஒலிப்பதிவாளர் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா இவரைப் பார்க்கவில்லை, குனிந்து பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசிக் காட்சியில இருந்து எல்லாத்தையும் அழிச்சிடுங்கம்மா" என்று மைக்கில் சொன்னார். பிறகு, அவருக்கே கேட்காத குரலில், "உடனே" என்றார்.

தம்பி எழுந்து வெளியே போய், அந்த அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டான். அழிச்சாச்சு என்று அவர் சொன்ன பிறகும் நகரவில்லை. "எனக்குப் போட்டுக் காட்டுங்கம்மா" என்று கேட்டு, ஹெட்ஃபோனைத் திரும்ப மாட்டிக்கொண்டு, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்பதைக் கடைசி வரைக்கும் நின்று கேட்டான்.