நாற்பது மூச்சு

டாக்டர் அந்தத் தாளில் "பதட்டம்" என்று எழுதியதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் பரிசோதனை அறையில் ஒரு சைக்கிளும், காற்றில் ஆக்சிஜனைக் குறைக்கும் இயந்திரமும் உண்டு. உயரமான மலைகளில் மின்கம்பிக் கோபுரம் நிறுத்தப் போகிறவர்கள் அதற்குள் இருபது நிமிடம் மிதிக்க வேண்டும். அட்டவணையில் இரண்டே விதிகள். ரத்தத்தில் ஆக்சிஜன் எழுபது சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. மூச்சு நிமிடத்துக்கு நாற்பதைத் தாண்டக் கூடாது. கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து எண்களைக் குறிப்பது என் வேலை. கையெழுத்துப் போடுவது டாக்டர்.

அன்று அக்காவும் தம்பியுமாக இரண்டு வெல்டர்கள் வந்திருந்தார்கள். அக்காவுக்கு முப்பத்தேழு வயது. பதினான்கு வருடமாகப் பட்டறையில் நின்று பற்றவைத்து அனுப்பிய கோபுரங்களில் ஒன்றையாவது தானே மேலே போய் நிறுத்த வேண்டும் என்பது அவள் ஆசை. முப்பத்தெட்டு ஆகிவிட்டால் மேலே அனுப்ப மாட்டார்கள். அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

தம்பி முதலில் ஏறினான். பத்தாவது நிமிடத்திலேயே உதடு நீலம் பாரித்தது. ஆக்சிஜன் எழுபத்தொன்று. புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, ஒலிபெருக்கியில், "இன்னைக்கு என்ன கிழமைப்பா?" என்றேன். "இருங்க, சொல்றேன்" என்றவன் கடைசிவரை சொல்லவில்லை. இறங்கியதும் வாளியைத் தேடி ஓடி வாந்தி எடுத்தான். மூச்சு முப்பத்திரண்டு. இரண்டு எண்ணும் விதிக்குள் இருந்ததால் பரிசோதனையில் தேறிவிட்டான்.

அடுத்து அக்கா. அதே சைக்கிள், அதே காற்று. நாலாவது நிமிடத்திலிருந்து அவளுக்கு மூச்சு வேகமெடுத்தது. நாற்பத்தொன்று, நாற்பத்துநாலு, நாற்பத்தாறு. ஆனால் ஆக்சிஜன் எண்பத்திரண்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. கிழமை கேட்டேன்.

"வியாழன். ஏன்க்கா, உங்க பக்கம் வேற நாளா?"

இருபது நிமிடமும் மிதித்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"மூச்சு நாப்பதைத் தாண்டிடுச்சும்மா. பயந்துட்டீங்க."

"நான் பயப்படல சார்."

"டாக்டர், வாந்தி எடுத்தது நான்" என்றான் தம்பி. "எங்க அக்கா நல்லாத்தானே மிதிச்சா?"

"நீ சும்மா இரு தம்பி. உன் அளவு சரியா இருக்கு."

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், பொம்பளைங்களுக்கு நுரையீரல் சின்னது. வேகமா மூச்சு விட்டுத்தான் ஈடுகட்டும். அவங்க உடம்பு சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. அதைப் போய் பதட்டம்னு எழுதறீங்களே" என்றேன். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கிழமை தெரியாதவனைக் கோபுரத்தில் ஏற்றுவாராம், தெரிந்தவளைப் பட்டறைக்குத் திருப்பி அனுப்புவாராம். அந்தப் பேனாவைப் பிடுங்கி ஒடித்துப் போட வேண்டும்போல் இருந்தது.

அவள் நிதானமாக மேஜையில் கையூன்றினாள்.

"அந்த நாப்பது எங்கேர்ந்து வந்துச்சு சார்?"

"அறுபத்து மூணு பேரை மிதிக்க வெச்சு எடுத்தது."

"அதுல பொம்பளைங்க எத்தனை பேர்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். அதுவரை கொதித்துக்கொண்டிருந்த நான் என் குறிப்புத் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"முதல்ல எழுபத்திரண்டு பேர்" என்றேன். "ஒன்பது பேர் பொம்பளைங்க. அவங்களைச் சேர்த்தா சராசரி கோணலா வருதுன்னு அவங்க கணக்கை அழிக்கச் சொன்னாங்க."

"யாரு அழிச்சது?"

"நான்தான். ஆறு வருஷம் முன்னாடி. அதுல ஒண்ணு என்னோடது. நானும் மிதிச்சேன்."

தம்பி அக்காவின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். அவள் தாளை வாங்கி, பதட்டம் என்ற சொல்லை ஒருமுறை வாசித்துவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள். டாக்டர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"உங்களை நீங்களே அழிக்கும்போது உங்களுக்கு ஒண்ணுமே தோணலையாக்கா?"

தோன்றவில்லை. ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம்தான் இருந்தது.