பிள்ளை பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்

போன மாதம் முழங்கால் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். பாதி ஆயுளை நர்ஸாக வார்டில் நின்றே கழித்தவளுக்குப் படுத்துக் கிடப்பது பெரிய தண்டனை. மாத்திரை தர வந்த நர்ஸ் பெண் ஒவ்வொரு தடவையும் என் மணிக்கட்டைத் திருப்பி, அதிலிருந்த பிளாஸ்டிக் பட்டையை ஒரு கருவியால் தொட்டாள். அது கீச்சென்றது. "உங்க முழுப் பேர்? பிறந்த தேதி?" காலையில் சொன்னதையே மத்தியானமும் சொல்ல வேண்டும்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் பிறந்த தேதி மாறிடுமா மகளே?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. கேட்டாள், கொடுத்தாள், போனாள். அவள் செய்ததில் எந்தத் தப்பும் இல்லை. அவளைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை, ஏனென்றால் அந்தக் கேள்வியைக் கேட்கிற பழக்கம் எங்கள் வார்டில் வந்ததே என் கண் முன்னால்தான். ஆனாலும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாமல் அவள் போனது எனக்குப் பொறுக்கவில்லை. படுத்தபடியே அந்தப் பழைய வார்டை நினைத்துக்கொண்டேன்.

எல்லை மலைக்கு இந்தப் பக்கம் இருந்த சின்ன ஆஸ்பத்திரி அது. நாடு சுதந்திரம் வாங்கிச் சில வருடங்களே ஆகியிருந்தன. காலையில் தரைக்குச் சிவப்புப் பாலிஷ் போடும் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டேதான் போடுவார்கள். படுத்திருக்கும் நோயாளிகள் அவரவர் கட்டிலிலிருந்து கூடவே பாடுவார்கள். வேர்க்கடலை அரைத்து ஊற்றிய சோளக்கஞ்சியின் வாசனை சமையல்கட்டிலிருந்து வரும். அந்த வாசனையும் பாலிஷ் வாசனையும் கலந்தால்தான் எனக்குக் காலை. இன்றைக்கு ஆஸ்பத்திரிகளில் எதன் வாசனையும் இல்லை, பாட்டும் இல்லை.

பெண்கள் வார்டில் யாரையும் சொந்தப் பேரால் கூப்பிட மாட்டோம். பிள்ளை பெற்றவளை அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால், என்னைச் சின்னப் பெண் என்று நினைத்தாயா என்று சண்டைக்கு வருவாள். மூத்த பிள்ளையின் பேருக்கு முன்னால் 'மாய்' சேர்த்தால், இன்னாருடைய அம்மா. அதுதான் மரியாதை. கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் சொந்தப் பேர் இருக்கும். எங்கள் வாயில் பிள்ளை பேர் இருக்கும். எந்தப் பேர் எந்தப் பேருக்குச் சொந்தம் என்பது எங்கள் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு ஜூன் மாதம், எங்கள் நாட்டில் அதுதான் குளிர்காலம், என் வார்டில் ஒரு மாய் பட்சிராய் இருந்தாள். பஸ் நிலையத்தில் கருவாடு விற்பவள். ஆஸ்பத்திரி பூராவும் கேட்கும் குரல். சர்க்கரை வியாதிக்காரி. தினமும் கஞ்சிக்கு முன்னால் இன்சுலின் ஊசி.

அதே வார்டில் இன்னொருத்தி. கர்ப்பப்பையில் கட்டி. ஒல்லியான உடம்பு. வாயைத் திறந்தால் காசு கேட்பார்களோ என்பதுபோல் பேசாமல் இருப்பாள். அவளை எல்லோரும் 'சிஹேரா' என்று கூப்பிட்டார்கள். அது குலப் பேர். மான் குலத்துப் பெண்களுக்கெல்லாம் அதே பேர்தான். எங்கள் பக்கத்தில் சிஹேரா என்றாலே புருஷனை மிரட்டுகிறவள் என்று கேலி செய்வார்கள்.

"சிஹேரா, ராத்திரி உங்க புருஷன் வந்து உங்களைப் பார்த்துட்டுத் திரும்பி ஓடிட்டாராமே?" என்று கருவாட்டுக்காரி சீண்டுவாள்.

"அவர் ஓடி ரொம்ப நாளாச்சு. மண்ணுக்குள்ள போனவரைப் பிடிக்க முடியுமா?" என்று இவள் மெதுவாகச் சொல்வாள். அதற்குமேல் பேச்சு வளராது.

ஒருநாள் சிஹேராவுக்கு ஆபரேஷன் குறித்திருந்தது. முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி. வழக்கம்போல, நடக்க முடிந்த பெண்களெல்லாம் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெயில் காய வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். அட்டைகள் உள்ளே கட்டிலில் தொங்கின. ஆட்கள் வெளியே.

குழந்தைகள் வார்டிலிருந்து அன்று காலைதான் மாற்றி வந்திருந்தாள் நெட்சாய். கெட்டிக்காரப் பெண், முகம் பூராவும் சிரிப்பு. ராத்திரி நர்ஸ் அவளிடம் சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்று: மாய் பட்சிராய்க்கு இன்சுலின். அவள் ஊசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். கருவாட்டுக்காரி அப்போது பின்பக்கக் குழாயடியில் யாரோடோ வம்பு பேசிக்கொண்டிருந்தாள்.

"மாய் பட்சிராய்!" என்று நெட்சாய் கூப்பிட்டாள்.

ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த சிஹேரா திரும்பினாள். "ம்" என்றாள்.

"நீங்கதானே மாய் பட்சிராய்?"

"நான்தான்."

கையை நீட்டினாள். பட்டினி வயிற்றில், சர்க்கரை வியாதியே இல்லாத உடம்பில், இன்சுலின் ஏறியது. எனக்கு அது தெரியாது. நான் உள்ளே ஒருத்திக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன்.

பிறகு நான் சிஹேராவைக் கட்டிலுக்கு அழைத்து வந்து, அட்டையைப் பார்த்து, ஆபரேஷனுக்கு முன் போடும் தூக்க ஊசியைப் போட்டேன். அதனால்தான் அவள் கண் சொருகியபோது யாரும் பதறவில்லை. தூங்கத்தானே ஊசி போட்டோம்? வண்டி வந்தது. அவளைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். போர்வையைச் சரிசெய்யும்போது என் கை அவள் நெற்றியில் பட்டது. நனைந்திருந்தது. எங்கள் மூச்சே புகையாக வந்த குளிரில் அவளுக்கு மட்டும் வியர்வை வழிந்தது. விரல்கள் நடுங்கின.

"பயந்துட்டாங்க போல சிஸ்டர்" என்றான் வண்டி தள்ளுகிறவன். "கத்தின்னா யாருக்கும் பயம்தானே."

இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. அப்போது பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"சிஸ்டர் சிபுன்சா! என் ஊசி எங்க? கஞ்சி வந்து ஆறிக்கிட்டிருக்கு. நான் குடிக்கவா, இல்ல அதோட முகத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கவா?"

"உங்களுக்கு இன்னும் போடலையா?"

"போட்டா எனக்குத் தெரியாதா? வலிக்கிறது எனக்குத்தானே!"

நெட்சாய் கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். "மாய் பட்சிராய்க்குப் போட்டுட்டேனே சிஸ்டர். வராந்தாவுல..." என்று ஆரம்பித்தவள், கருவாட்டுக்காரியைப் பார்த்தாள். வண்டி போன பக்கம் பார்த்தாள்.

நான் ஓடினேன். என் உடம்புக்கு அந்த ஓட்டம் அடுக்காது, காலில் ஒரு செருப்பு வேறு கழன்று போயிற்று. ஆபரேஷன் அறைக் கதவை உதைத்துத் திறந்தேன். மயக்க மருந்து கொடுக்கக் கையை நீட்டிய டாக்டர் அப்படியே நின்றார்.

"வேணாம் டாக்டர்! இன்சுலின் போயிருக்கு! ஆள் மாறிப் போயிருக்கு!"

மயக்க மருந்தும் ஏறியிருந்தால், அவள் ஏன் எழுந்திருக்கவில்லை என்று யோசிக்கிற நேரத்துக்குள் முடிந்திருக்கும். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். நான் அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். சாமியையும் திட்டினேன், நெட்சாயையும் திட்டினேன். கொஞ்ச நேரத்தில் சிஹேரா கண்ணைத் திறந்து, "பசிக்குது" என்றாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு நான் அழுத அழுகை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் மேட்ரன் குருபிரா வந்தாள். அவள் நடந்து வந்தால் பாலிஷ் போட்ட தரையே விறைப்பாக நிற்கும். நெட்சாய் சுவரோரம் விக்கிக்கொண்டிருந்தாள். அவள் வேலை போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

மேட்ரன் கட்டிலருகே உட்கார்ந்தாள். "அம்மா, உங்க பேர் எஸ்நாத்தி மடோண்டோ. அட்டையில அப்படித்தான் இருக்கு. எல்லாரும் உங்களைச் சிஹேராங்கிறாங்க. மாய் பட்சிராய்னு கூப்பிட்டா நீங்க ஏன் நான்தான்னு சொன்னீங்க?"

"நான் பொய் சொல்லல" என்றாள் சிஹேரா. "பட்சிராய் என் மகன். ஒத்தைப் பிள்ளை. சுதந்திரச் சண்டைல சேர ராத்திரியோட ராத்திரியா எல்லை தாண்டிப் போனான். சுதந்திரம் வந்துச்சு. மத்த பசங்க எல்லாம் லாரியில வந்து இறங்கினாங்க. நானும் ரோட்டுல போய் நின்னேன். லாரி வர்றது நின்னு போற வரைக்கும் நின்னேன்."

மேட்ரன் நழுவிய போர்வையை அவள் தோளுக்கு இழுத்துவிட்டாள். அவள் தொடர்ந்தாள்.

"அதுக்கப்புறம் ஊர்ல யாரும் என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடல. கூப்பிட்டா எனக்கு நோகுமாம். நல்ல ஜனங்கதான், குத்தம் சொல்ல மாட்டேன். சிஹேரா, சிஹேரான்னு குலப் பேரைப் பிடிச்சுக்கிட்டாங்க. இன்னிக்குக் காலைல இந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே வந்து மாய் பட்சிராய்னு கூப்பிட்டுது. நான் யோசிக்கிறதுக்குள்ள வாய் 'ம்'னு சொல்லிடுச்சு."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே அம்மா? ஊசியைப் பார்த்ததும்?"

"சொல்லியிருக்கலாம். இது எனக்கில்லைன்னு தெரிஞ்சுது." சிஹேரா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "ஆனா அந்தப் பொண்ணு நேராவே கேட்டுடுச்சு, நீங்கதானேன்னு. இல்லைன்னு சொன்னா, நான் பட்சிராயோட அம்மா இல்லைன்னு என் வாயாலேயே சொன்னதா ஆயிடும். அதை எப்படிச் சொல்லுவேன்? ஒரு ஊசிதானே, குத்திட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

மேட்ரன் குருபிரா அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. ஆனால் எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெகுநேரம் வெளியே பார்த்தாள். திரும்பி வந்து நெட்சாயின் தோளைப் பிடித்து, "முகத்தைக் கழுவிட்டு வேலையைப் பாரு" என்றாள்.

மறுநாள் சட்டம் வந்தது. ஒவ்வொருத்தி மணிக்கட்டிலும் பிளாஸ்திரி ஒட்டி மையால் சொந்தப் பேர் எழுத வேண்டும். மருந்து கொடுக்குமுன் 'நீங்கதானே இன்னார்' என்று கேட்கவே கூடாது. பேரை அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். பிளாஸ்திரியும் அட்டையும் பேசிய பேரும் ஒன்றாக இருந்தால்தான் மருந்து.

வார்டில் கலகம் வெடித்தது. "என் மாமியாகூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல!" என்றாள் ஒருத்தி. பல் போன ஒரு கிழவி பேரைச் சொல்ல வெட்கப்பட்டுப் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டாள். போர்வைக்குள் தலையை விட்டு அவள் பேரை வாங்கினேன். கருவாட்டுக்காரியின் சொந்தப் பேர் ஒட்டிலியா என்று அன்றுதான் தெரிந்தது.

"என் புருஷனே மறந்துபோன பேரு. இப்ப தரை துடைக்கிறவ வரைக்கும் தெரிஞ்சு போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் மணிக்கட்டை நீட்டினாள். ஆள் மாறினால் என்ன ஆகும் என்று அவளும் பார்த்தவள்தானே.

சிஹேரா மட்டும் எதிர்க்கவில்லை. கேட்டபோதெல்லாம் "எஸ்நாத்தி மடோண்டோ" என்று பள்ளிக்கூடப் பெண்போல் ஒப்பித்தாள். மாத்திரையை விழுங்கினாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சட்டம் சரியான சட்டம். அவள் உயிரைக் காப்பாற்றுகிற சட்டம். ஆனால் ஒரே ஒரு காலையில் திரும்பக் கிடைத்த பேரை அதுவும் பிடுங்கிக்கொண்டது. எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

ஒருநாள் காலை மருந்து கொடுத்து முடித்தேன். தட்டைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, வெறும் கையோடு வராந்தாவுக்கு வந்தேன். சிஹேரா முன்னால் குனிந்து, எங்கள் வழக்கப்படி மரியாதைக்குக் கை தட்டினேன்.

"மாய் பட்சிராய், நல்லாத் தூங்கினீங்களா?"

இரண்டு குரல் ஒன்றாக, எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லும் பதிலைச் சொன்னது. "நீங்க தூங்கியிருந்தா நாங்களும் தூங்கினோம்."

சிஹேரா திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கருவாட்டுக்காரி அவளை முழங்கையால் இடித்தாள்.

"எதுக்குப் பொத்துறீங்க? சிஸ்டர் கையில ஒண்ணுமில்ல, பாருங்க. குத்த மாட்டாங்க. நல்லா வாயைத் திறந்து சொல்லுங்க. என் பட்சிராய் தினம் பஸ்ஸுக்குக் காசு கேட்டு வந்து நிக்கிறான், என்னைக் கூப்பிட ஆள் இருக்கு."

அன்றிலிருந்து எங்கள் வார்டில் அதுவே வழக்கமாயிற்று. கையில் மருந்து இருந்தால் சொந்தப் பேர். கை காலியாக இருந்தால் பிள்ளை பேர். மேட்ரனுக்குத் தெரியும், தெரியாததுபோல் இருந்தாள்.

சிஹேராவின் ஆபரேஷன் அடுத்த வாரம் நடந்தது. கட்டியை முழுசாக எடுத்தார்கள். வண்டியில் அவளைத் திரும்பக் கொண்டுவந்தபோது பாதி மயக்கம். வலியில் முனகினாள். நெட்சாய் வலி ஊசியோடு வந்து நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நகர்ந்து வழிவிட்டேன், ஊசியை வாங்கிக்கொள்ளவில்லை.

"அம்மா, உங்க பேரைச் சொல்லுங்க."

மூடிய கண்ணுக்குள்ளிருந்து, எங்கோ தூரத்திலிருந்து பதில் வந்தது. "மாய் பட்சிராய்."

நெட்சாய் மணிக்கட்டைத் திருப்பிப் படித்தாள். அட்டையைப் படித்தாள். குனிந்து அவள் காதருகே சொன்னாள். "ஆமாம்மா. நீங்க பட்சிராயோட அம்மாதான். இப்ப உங்க சொந்தப் பேரையும் சொல்லுங்க. நான் இங்கேயே நிக்கிறேன்."

ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் சொல்லும் வரைக்கும் நின்றாள்.