பின்கதவில் கேட்கும் கேள்வி

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பங்களாவில் செல்லசாமிக்கு அப்பு வேலை. தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்குச் சமைப்பதும் பரிமாறுவதும் அவர்தான். ஆனால் தோட்டத்துச் சனங்களுக்கு அவர் முக்கியமானது வேறு காரணத்துக்காக. லீவு கேட்கவோ, குடியிருக்கும் லயத்துக் கூரைக்குத் தகரம் கேட்கவோ வருகிற யாரும் முதலில் சமையலறைப் பின்கதவுக்குத்தான் வருவார்கள்.

"அப்பு, துரை இன்னைக்கு எப்படி?"

செல்லசாமி, துரை சாப்பிட்டுவிட்டு வைத்த தட்டைப் பார்ப்பார். முட்டை முழுசாகத் தீர்ந்திருந்தால், "போங்க போங்க, நல்லா இருக்காரு." பாதி மிஞ்சியிருந்தால், "நாளைக்கு வாங்க." இருபத்திரண்டு வருடத்தில் ஏழு துரைமாரைப் பார்த்தாயிற்று. ஒருவர் ஆமென்றதை அடுத்தவர் இல்லையென்பார். காலையில் தலையாட்டியவரே மாலையில் எரிந்து விழுவார். தட்டு மட்டும் பொய் சொன்னதில்லை என்று செல்லசாமிக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்தப் புத்திதான் இப்போது அவரைப் பாடாய்ப் படுத்தியது. மனைவி ஜீவராணி நுவரெலியா ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றில் கட்டி, திங்கட்கிழமை காலையில் ஒப்பரேஷன். மகள் துணைக்கு இருந்தாள். போகும்போது ஜீவராணி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மாதா கோயிலுக்குப் போயி எனக்காகச் சாமிகிட்ட கேளுங்க."

எந்த முகத்தோடு போவது? மூன்று வருடத்துக்கு முன் மண்சரிவில் அவர்கள் லயம் போனபோது, பூசை நடுவில் எழுந்து, "நீயெல்லாம் ஒரு சாமியா?" என்று பீடத்தைப் பார்த்துக் கத்தியவர் அவர். அப்படிக் கத்தியும், படுக்க வேறு இடமில்லாததால் இரண்டு மாதம் அதே கோயிலில்தான் குடும்பத்தோடு பாய் விரித்தார். வேறு வீடு கிடைத்ததும் கிளம்பியவர், பிறகு அந்தப் படியை மிதிக்கவில்லை. சாமிக்கு அன்றைய கோபம் இன்னும் தணியாத நேரத்தில் போய்க் கேட்டு, ராணிக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துரைக்குச் சாப்பாடு வைத்துவிட்டு ஒருவழியாகப் புறப்பட்டார். முன்வாசலில் ஏறக் கால் வரவில்லை. பின்பக்கமாகச் சுற்றிப் போனார். கோயிலைக் கூட்டுகிற பிரேமினி, கொழுந்து எடுக்கிறவள், பின்கதவில் விளக்குமாறோடு நின்றாள். செல்லசாமியின் வாயில் பழக்கதோஷம்தான் வந்தது.

"தங்கச்சி, சாமி இன்னைக்கு எப்படி?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. பிரேமினி விளக்குமாற்றைப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அண்ணே, எம் மகன் காய்ச்சல்ல கெடந்தப்ப, அரை முட்டையைப் பாத்துட்டு என்னைய மூணு நாள் திருப்பி அனுப்புனீங்களே, ஞாபகம் இருக்கா? இங்க தட்டெல்லாம் கெடையாது. நேத்து எப்படியோ இன்னைக்கும் அப்படித்தான்."

"நான் கத்துன அன்னைக்கு?"

"அன்னைக்கும் அப்படித்தான். கத்திட்டு எங்க வந்து படுத்தீங்க?"

செல்லசாமி தலையைச் சொறிந்தார். "மாறவே மாட்டாருன்னா, கேட்டு என்ன பிரயோசனம்?"

"மாறுற ஆளுகிட்டத்தாண்ணே நேரம் பாத்துப் போகணும். உள்ள போங்க."

உள்ளே போய் முழங்காலிட்டார். பீடத்துக்கு இடப்பக்கம், மாதா சுரூபத்துக்குக் கீழே, அவர் பாய் விரித்த இடம். கூரை ஒழுகாத மூலை அது ஒன்றுதான். கத்திய வாயோடு அங்கே படுத்தவரை யாரும் எழுப்பி வெளியே அனுப்பவில்லை. கோபப்பட்டது அவர், விலகிப் போனதும் அவர். அன்றைக்கு அவரைப் படுக்க வைத்தவர் இன்றைக்கும் அதே மனதோடு அங்கேயே இருந்தார். இல்லாத கோபத்துக்குப் பயந்து மூன்று வருடம் ஒளிந்திருக்கிறோமே என்று நினைத்ததும் செல்லசாமிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அந்த மூலைக்கு நன்றி சொன்னார். மண்ணுக்குள் போகாமல் தப்பிய மகளுக்காக நன்றி சொன்னார். ராணிக்காக, அவள் கையால் குடித்த தேத்தண்ணிக்காகக்கூடச் சொன்னார். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது.

போன் அடித்தது. வெளியே ஓடிவந்து எடுத்தார்.

"என்னங்க, எனக்காகக் கேட்டீங்களா?"

செல்லசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ ராணி! நன்றி சொல்லிக்கிட்டே இருந்துட்டேன். கேக்க மறந்தே போயிட்டேன்."

அந்தப் பக்கம் ஜீவராணி சிரித்தாள். மூன்று வாரமாக அவர் கேட்காத சிரிப்பு.

"சரி, இப்பப் போயிக் கேளுங்க. அதே ஆளுதானே இருக்காரு."

செல்லசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை முன்வாசல் வழியாகப் போனார்.