எல்லைக் கம்பத்துக்கு அந்தப் பக்கம்

விமானத்திலிருந்து மர விதை தூவுகிறவர்களுக்குள் அவள் கணவனுக்கு 'அளவுகோல்' என்றுதான் பெயர். தூவ வேண்டிய இடத்தின் எல்லைக் கம்பம் வந்ததும் விதைத் தொட்டியின் கதவை மூடிவிடுவான். தப்பித் தவறிக்கூட ஒரு விதை வெளியே விழாது. கோபம் வந்தாலும் அப்படித்தான், வாயை மூடினால் மூடியதுதான். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் அவன் இவளை ஒரு வார்த்தை கேட்காமல் கடல் தாண்டி ஒரு வேலைக்கு ஒப்புக்கொண்டபோது, "தாராளமா போங்க" என்று சொல்லிவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

கிளம்புவதற்கு முன்தினம் கடைசியாக ஒருமுறை பறந்தான். விமானச் சத்தம் கேட்டால் மாடிக்கு ஓடித் துண்டை ஆட்டுவது அவள் வழக்கம். அன்று போகவில்லை. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றபடி சத்தம் தேய்கிறவரை கேட்டாள். 'என்னைத் தேடியிருக்கவே மாட்டார்' என்ற நினைப்பு அன்றிலிருந்து அவளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அதன் பிறகு போனில் சௌக்கியம் விசாரிப்பதோடு சரி.

முளைத்த கன்றுகளை எண்ணிக் குறிப்பது அவள் வேலை. இன்று வண்டி மக்கர் பண்ணியதால் வீட்டுக்குக் குறுக்கு வழியில் நடந்தாள். கம்பத்தைத் தாண்டிய சரிவில், வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், கன்றுகள் நின்றன. அத்தனையும் ஒரே பட்டையாக, நேரே அவள் வீட்டு மாடியைப் பார்த்துப் போயின. அங்கே கடைசியாகப் பறந்தவன் அவன்தான். அங்கேயே உட்கார்ந்து போன் போட்டாள்.

"கம்பத்துக்கு இந்தப் பக்கமும் முளைச்சிருக்கு. கதவ மூட மறந்துட்டீங்களா?"

அவன் மெதுவாகச் சொன்னான்:

"மாடியையே பாத்துட்டு இருந்தேன். இப்ப நீ வந்துருவ, இப்ப வந்துருவன்னு... கதவ மூட கை நகரல."

"ஜன்னல்கிட்டதான் நின்னேன். திரைக்குப் பின்னால."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேட்டிருக்கலாம்ல?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்கு அழுகையும் வந்தது.

"எவ்வளவு உசரம் இருக்கு?" அவன் கேட்டான்.

"என் இடுப்பு வரைக்கும்."

"எத்தனைன்னு எண்ணிட்டியா?"

"எல்லைக்கு வெளியில எண்ணுறது என் வேலை இல்ல. நீங்க வந்து எண்ணுங்க."