புகார் வராத தெரு

அந்தத் தெருவிலிருந்து யாரையாவது விசாரணைக்குக் கூட்டிப்போகும்போது ஏட்டம்மா தன் ஸ்கூட்டரை அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போவாள். சாவியை வீட்டுப் பெண்ணிடம் கொடுப்பாள். ஆளோடு ஸ்டேஷன்வரை நடப்பாள். விசாரணை முடிந்ததும் அதே ஆளோடு நடந்து வந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வாள்.

அது யோசித்து ஏற்படுத்திய வழக்கம் அல்ல. முதல் தடவை வண்டி கிளம்பவில்லை, அவ்வளவுதான். அவள் திரும்பி வந்தபோது அந்த வீட்டுக்காரி வண்டியைத் துடைத்து வைத்திருந்தாள். அடுத்த முறை வேறொரு வீட்டில், கதவைப் பாதி திறந்தபடி ஒருத்தி கேட்டாள்.

"வண்டியை இங்கயே விட்டுட்டுத்தானே போவீங்க?"

ஆள் திரும்பி வருவதற்கு வண்டிதான் ஈடு என்று அப்போதுதான் ஏட்டம்மாவுக்குப் புரிந்தது.

லேத் பட்டறைகளும் வெல்டிங் கடைகளும் பழைய இரும்புக் கிடங்குகளும் நெருக்கியடித்து நிற்கும் தெரு. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. முன்பெல்லாம் காக்கி தெரிந்தால் ஷட்டர் இறங்கும். பொருள் தொலைந்தாலும் மண்டை உடைந்தாலும் அங்கிருந்து யாரும் ஸ்டேஷனுக்கு வந்ததில்லை. ஒவ்வொரு வாசலாக வண்டி நிற்கத் தொடங்கிய பிறகு, தயங்கித் தயங்கி வந்தார்கள். அவளிடம் மட்டும் பேசினார்கள். பிறகு மற்றவர்களிடமும் பேசினார்கள்.

டீக்கடைக்காரர் தன் வாசலிலும் ஒரு நாள் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பார்.

"எங்க மாமியா பாத்துப் பயந்துபோய் ஊருக்குக் கிளம்பிடும், ஏட்டம்மா."

"நீங்க முதல்ல ஒரு தப்புப் பண்ணுங்க. நிறுத்துறேன்."

வெல்டரின் மனைவி ஏட்டம்மாவை நேராகவே போனில் அழைப்பாள். வெல்டர் குடித்தால் அடிப்பான். வழக்கெல்லாம் வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும் என்பாள். ஏட்டம்மா போய் வாசற்படியில் உட்காருவாள். வெல்டர் உள்ளே ஏதோ முணுமுணுத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துவிடுவான். வெல்டரின் மனைவியால் போனை எடுக்க முடியாத நாட்களில் பக்கத்து வீட்டுச் சாக்கக்கா அழைப்பாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பூசாத ஒற்றைக்கல் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

சாக்கக்கா இரும்புக் கிடங்குகளுக்குச் சாக்கு தைத்துக் கொடுப்பவள். கணவன் இல்லை. ஒரே மகன், லேத் ஓட்டுகிறவன். அரை நூல் அளவு பிசகினாலும் செய்த வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பான். தெரு அவனுக்கு அரைநூல் என்றே பெயர் வைத்துவிட்டது. உளி இரும்பில் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று கண்ணை மூடிச் சத்தத்திலேயே சொல்வான்.

ஒரு கிடங்கில் செம்புக் கம்பி திருடுபோனது. புது இன்ஸ்பெக்டர் வந்த சமயம். அந்தக் கிடங்குக்கு வேலை செய்தவர்கள் வரிசையில் அரைநூலும் இருந்தான். கூட்டி வரும்படி இன்ஸ்பெக்டர் ஏட்டம்மாவை அனுப்பினார்.

அவள் போனபோது அரைநூல் பின்பக்கக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்திருந்தான். சாக்கக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"எதுக்குடா ஓடுற? ஏட்டம்மா கூப்பிடுது. போலீசா வந்திருக்கு?"

அவன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டான். சாக்கக்கா சாவியை வாங்கிக் கைக்குள் மூடிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் வந்துவிடுவான் என்று ஏட்டம்மா சொன்னாள்.

மத்தியானம் அவளைச் சாலைச் சந்திப்புக்குப் போகச் சொன்னார்கள். யாரோ பெரிய அதிகாரி அந்த வழியாக வருகிறார், போக்குவரத்தை நிறுத்த ஆள் வேண்டும். கிளம்பும் முன் இன்ஸ்பெக்டரிடம் போய், இந்தப் பையன் தன் பொறுப்பில் வந்தவன் என்று சொன்னாள். அவர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. விசாரணைதானே, போய்விட்டு வாருங்கள் என்றார்.

திரும்பி வந்தபோது அரைநூல் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். உள்ளங்கை இடது காதை மூடியிருந்தது. சட்டைப் பொத்தான்கள் துளை மாறிப் போடப்பட்டிருந்தன. அவன் போட்டிருந்தால் அப்படி இருக்காது.

"ரெண்டு தட்டுத்தான்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "கிடங்கு வாட்ச்மேனே எடுத்திருக்கான், இப்பத்தான் தெரிஞ்சுது. இவனைக் கூட்டிட்டுப் போயிடுங்க."

இருவரும் நடந்தார்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். அவன் பதில் சொல்லவில்லை. கோபம் என்று நினைத்தாள். தான் இல்லாமல் போய்விட்டதைச் சொன்னாள். அதற்கும் பதில் இல்லை. தெருமுனை வந்தபோதுதான், தான் அவனுடைய இடப்பக்கம் நடந்துகொண்டிருப்பதைக் கவனித்தாள். வலப்பக்கம் மாறி அதையே மறுபடி சொன்னாள். அவன் திரும்பிப் பார்த்தான். வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றான்.

சாக்கக்கா கதவைத் திறந்தாள். மகனைப் பார்த்தாள். அவன் கன்னத்தை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள். அவன் தலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அவள் கையைக் கீழே இறக்கி, சாவியை ஏட்டம்மாவிடம் நீட்டினாள்.

"சொன்ன மாதிரி கூட்டிட்டு வந்துட்ட."

செவிப்பறை கிழிந்து உள்காதும் சேதமாகியிருக்கிறது, இனி அந்தக் காது கேட்காது என்று பிறகு டாக்டர் சொன்னார். பட்டறை முதலாளி அவனை லேத்திலிருந்து எடுத்து அரம் போடும் வேலைக்கு மாற்றினார்.

ஏட்டம்மா மேலதிகாரியின் அறைக்குப் போனாள். கண்ணால் பார்த்தீர்களா என்று அவர் கேட்டார். உள்ளே போகும்போது காது கேட்டது, வெளியே வரும்போது கேட்கவில்லை, அதைப் பார்த்தேன் என்றாள். புகாரைப் பையன்தான் கொடுக்க வேண்டும் என்றார். அவள் அரைநூலிடம் போனாள்.

"எங்க வந்து குடுக்கணும்?" என்று கேட்டான்.

"ஸ்டேஷன்ல." உடனே, "இல்ல, நானே இங்க வந்து எழுதிக்கிறேன்," என்றாள்.

அவன் சிரித்தான். சாக்கக்கா நிமிரவே இல்லை. கோணி ஊசி சாக்குக்குள் போய் வந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு யாரும் ஏட்டம்மாவிடம் முகத்தைத் திருப்பவில்லை. நன்றாகத்தான் பேசினார்கள். டீக்கடைக்காரர் அவள் வந்தால் பெஞ்சைத் துடைத்துவிட்டார். ஆனால் மாமியார் பேச்சை எடுக்கவில்லை. அவள் உட்கார்ந்ததும் பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஏதோ வேலை நினைவுக்கு வந்தது. வெல்டரின் மனைவி அழைப்பது நின்றது. ஒரு தடவை அவள் கன்னத்தில் வீக்கத்தைப் பார்த்து ஏட்டம்மா கேட்டாள். ஷட்டர் இடித்துவிட்டது என்றாள்.

மாதாந்திரக் கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் அந்தத் தெருவை எல்லோருக்கும் எடுத்துக்காட்டாகச் சொன்னார். ஒரு புகார்கூட வரவில்லை. ஏட்டம்மாவுக்குக் கைதட்டினார்கள். அவள் எழுந்து நின்று சல்யூட் அடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் வந்தது. வெல்டரின் மனைவியைக் கொண்டுவந்திருக்கிறார்கள், வரும்போதே உயிர் இல்லை. வெல்டர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தான். வேறு இருவர் போய் அவனைப் பிடித்தார்கள். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவன் சொன்னான். அக்கம்பக்கத்தில் வாக்குமூலம் வாங்க ஏட்டம்மாவை அனுப்பினார்கள்.

தெருவில் சின்னச் சின்னக் கும்பலாக நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் நெருங்க நெருங்கப் பேச்சு அடங்கியது. சாக்கக்கா தன் வீட்டுக்குள் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். உள்ளறையில் அரைநூல் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வலது காது தலையணையில் இருந்தது.

ஏட்டம்மா தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏதாவது கேட்டதா என்றாள்.

"எல்லாம் கேட்டுச்சு. முதல்ல பாத்திரம் விழுந்துச்சு. அப்புறம் அவ கத்துனா. அப்புறம் என்னைக் கூப்பிட்டா."

"உங்களையா?"

"அக்கான்னு கூப்பிட்டா. ரெண்டு தரம்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா. நான் வந்திருப்பேனே."

"வருவே. அதான் பண்ணல."

சாக்கக்காவின் குரலில் கோபம் இல்லை.

"போனைக் கையில எடுத்துட்டேன். நீ வந்தா அவனைக் கூட்டிட்டுப் போவே. அங்க வச்சு அவனை என்ன பண்ணுவாங்கன்னு நெனச்சேன். அவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே. இவ அழுதா அழுதுட்டுப் போறா, நாளைக்கு எழுந்து தண்ணி பிடிக்க வருவா. எப்பவும் வருவாளே." உள்ளறையைப் பார்த்துச் சொன்னாள். "இவன் முழிச்சிருந்தா ஓடியிருப்பான். இவனை எழுப்பவும் எனக்கு மனசு வரல. நடுவுல போயி, இவனையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிட்டா?"

ஏட்டம்மா தாளை எடுத்து மடியில் விரித்தாள். இப்போது சொன்னதை எழுதிக்கொள்கிறேன் என்றாள். வேறு யாரும் கேட்கவில்லை, வேறு சாட்சி இல்லை, இது இல்லாவிட்டால் வழுக்கி விழுந்தாள் என்றே முடிந்துபோகும். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், இங்கேயே கையெழுத்துப் போட்டால் போதும்.

"அப்புறம் கோர்ட்டு?"

"வரணும். நான் கூடவே வரேன்."

"கூட்டிட்டுப் போயிட்டுக் கூட்டிட்டு வந்துடுவே," என்றாள் சாக்கக்கா. குத்திக்காட்டச் சொல்லவில்லை. நடக்கப்போவதைச் சொல்வதுபோல் சொன்னாள். பிறகு ஏட்டம்மாவின் முழங்கையைத் தொட்டாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலன்னு எழுதிக்கோ."

"அவ உங்களைத்தானேக்கா கூப்பிட்டா."

"ஆமா. என்னைத்தான் கூப்பிட்டா. அதை நான் வச்சுக்கிறேன். நீ எழுது."

சாக்கக்கா கையை எடுக்கவில்லை. ஏட்டம்மா பேனாவை எடுத்து, சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று எழுதினாள். வாசித்துக் காட்டினாள். சாக்கக்கா தலையாட்டிவிட்டு, அவள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. அரைநூல் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். காக்கியைப் பார்த்ததும் கதவு நிலையிலேயே நின்றுவிட்டான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"என்னம்மா?"

அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை. கிட்டே வந்து, குனிந்து, வலது காதைக் காட்டினான். அவள் மறுபடி சொன்னாள். குரல் உடைந்து பாதியில் நின்றது.

"யாரு? யாரும்மா?"

வெல்டரின் மனைவி செத்துப்போய்விட்டாள் என்று அவள் கத்திச் சொன்னாள். வெளியே தெருவில் எல்லாப் பேச்சும் நின்றது.